பெலியகொடைச் சுங்கமும் பேதுருவிடம் கேட்ட கேள்வியும்

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வருகிறவர்களில் இந்துக்களும் உண்டு, பௌத்தர்களும் உண்டு. அவர்களைக் கொண்டுவந்து இறக்கும் ஓட்டோவோ, களனி ஆற்றுக்கு அப்பால் பெலியகொடையில் தொடங்கும் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஏற முடியாது. மோட்டார் சைக்கிளுக்கும் தடைதான். சீனக் கடனில் போட்ட அந்த 25.8 கிலோமீற்றர் பாதை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. இத்தகைய கடனை யார் சுமப்பது நியாயம் என்பதைக் கணக்காளரிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அது பழைய கேள்வி. ஆலய வரி பற்றிப் பேச்சு வந்தபோது, அரசர்கள் சுங்கம் வாங்குவது சொந்தப் பிள்ளைகளிடமா பிறத்தியாரிடமா என்று இயேசு பேதுருவைக் கேட்டதாக மத்தேயு நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. மற்ற மூன்று நற்செய்திகளிலும் இந்தக் காட்சி இல்லை. மத்தேயு வரி தண்டியவர் அல்லவா, மறந்திருக்க மாட்டார்.

இலங்கையில் அந்தக் கேள்விக்கு மிகக் கேவலமான விடை 1848இல் கிடைத்தது. தேசாதிபதி டொரிங்டன் காலத்து வீதிச் சட்டப்படி, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பித் தோட்டத்துரைக்கும் மூன்று சிலிங், கண்டிக் குடியானவனுக்கும் மூன்று சிலிங். கோப்பி மூட்டைகள் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கி வந்ததும் அந்த வீதிகளால்தான். காசைத் தொடவோ மண்ணைக் கொத்தவோ துறவு விதியான விநயம் அனுமதிக்காத பிக்குகளைக்கூடச் சட்டம் முதலில் விட்டுவைக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே விலக்கு வந்தது. அவ்வருட மாத்தளைக் கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். தலைக்கு ஒரே தொகை என்பதைச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்ளலாம், நீதி என்று சொல்ல முடியாது.

இன்று தலைவரி இல்லை, வற் வரி இருக்கிறது. 2024 ஜனவரியில் அது 18 வீதமாகி, பெற்றோலையும் சமையல் காஸையும்கூடப் பிடித்துக்கொண்டது. வீதிக் கடனைப் பொது வருமானத்திலிருந்து கட்டும்போதெல்லாம், ஓட்டோக்காரர் தான் ஏற முடியாத பாதைக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அதைவிட, பாதையில் போகிறவரிடம் நெடுஞ்சாலை வாயிலில் வாங்கும் கட்டணமே நீதிக்குக் கிட்டியது. சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்தவன் என்று கொண்டாடிய மரபு நம்முடையது, உண்மைதான். ஆனால் தவிர்த்த சுங்கத்தின் பாரம் யார் தலையில் ஏறியது என்பதைப் பட்டப்பெயர் சொல்லாது. பாதையில் போகாதவனுக்கும் பயன் உண்டு, சரக்கு சீக்கிரம் வருகிறதே என்பார்கள். வரட்டும், லொறி கட்டிய கட்டணம் சரக்கின் விலையில் ஏறிவிடுகிறது, வாங்குகிறவன் வாங்கிய அளவுக்குக் கொடுத்துவிடுகிறான். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே கட்டணமா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் பஸ்ஸின் கட்டணம் அத்தனை பயணிகளுக்கும் பிரிந்து போகிறது, ஜீப்பில் தனியே போகிறவர் முழுவதையும் தானே கட்டுகிறார்.

கட்டணம் மட்டும் கடனை அடைக்கப் போதாது என்பதே கடைசி ஆட்சேபம், அதை மறுக்க முடியாது. ஆனால் மிச்சத்தைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை வாயில்களுக்கு அருகே காணி வைத்திருப்பவர் ஒருநாளும் அதில் போகாமலே விலையேற்றத்தின் இலாபத்தை எடுக்கிறார். அந்தப் பகுதிகளில் ஆதன வரியை உயர்த்தி அவரிடம் வாங்கிய பிறகுதான், அரசு பெற்றோல் செட்டுக்கு வர வேண்டும்.