பிறப்பினால் அமைத்த நாடு

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, பகடை உருட்டி, வாய்மொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. ஒருவர் கற்பனை உலகைப் படைத்து நடத்துவார். ஏனையோர் அதனுள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். நம் நாட்டு நகரங்களிலும் இளைஞர் சிலர் இதனை ஆடுகின்றனர். தம்மம் பேசும் ஏட்டில் இவ்விளையாட்டுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். பாத்திரம் ஏற்பவன் முதலில் தேர்ந்துகொள்பவற்றுள் ஒன்று அதன் பிறப்பு. அதனாலேயே இது நமக்குரிய பொருளாகிறது.

மனிதரேயன்றி எல்ஃப் எனப்படும் நீண்ட ஆயுளுடையோர், குள்ளர், ஓர்க் என்னும் முரடர் முதலிய இனங்கள் அங்கு உண்டு. இனத்திற்கேற்ப வலிமை, அறிவு ஆகியவற்றின் எண்கள் கூடும், குறையும். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்தவனுக்கு வலிமையில் இரண்டு கூட்டி, அறிவில் இரண்டும் ஆளுமையில் இரண்டும் கழித்தனர். பிறந்த வீடு அறிவின் அளவைத் தீர்மானிக்கும் இக்கணக்கு நம்மவர்க்குப் புதிதன்று.

உலகைப் படைப்போர் பலர் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. தம் கற்பனை உலகில் ஜப்பானைப் போன்றதொரு நாட்டை அமைக்கின்றனர். கோட்டையும் வாளும் கிமோனோவும் தேநீர்ச் சடங்கும் வைக்கின்றனர். பின்னர், ‘இந்நாட்டில் எந்த இனத்தைக் குடியேற்றுவது?’ என்று கேட்கின்றனர். நுண்கலை வல்லவராதலின் எல்ஃப் என்பார் ஒருவர். நரி மக்கள் என்பார் மற்றொருவர். மனிதர் என்னும் விடை கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. மனிதருக்கு ஐரோப்பாவைப் போன்ற நாட்டை முன்னரே ஒதுக்கியாயிற்று!

நரியைக் கதையில் வைப்பது இழிவு என்று கூறுதல் பிழை. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோகாய் என்னும் பௌத்த பிக்கு தொகுத்த ‘நிஹோன் ரியோய்கி’யில் நரி ஒருத்தி மனிதனை மணந்து மகனைப் பெறுகிறாள், உண்மை வெளிப்பட்ட பின்னரும் கணவன் அவளை வெறுக்கவில்லை. தெங்கூ என்னும் சிறகுடைய பூதமும் (நம் தென்னை அன்று) அந்நாட்டுப் பழங்கதைகளில் துறவிகளைத் தொல்லைப்படுத்துகிறது. நம் ஜாதகக் கதைகளிலும் போதிசத்துவர் முயலாகவும் குரங்காகவும் பிறந்தாரல்லரோ? ஆயின் ஒன்றை நோக்குக. நரி மனைவியின் கதை கதையாவது, கணவன் மனிதனாக இருப்பதால். அயல் வீட்டில் மனிதர் இல்லாத நாட்டில் நரி வெறும் குடிமகன். வியப்பு போய்விடுகிறது, வால் மட்டும் எஞ்சுகிறது.

வாசெட்ட சுத்தத்தை ஈண்டு நினைவு கூர்தல் தகும். வாசெட்டர், பாரத்துவாஜர் என்னும் இளைஞர் இருவர், ஒருவன் பிராமணனாவது பிறப்பாலோ செயலாலோ என்று வழக்கிட்டுப் பகவானிடம் வந்தனர். அவர் புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை என ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இவற்றுக்கு இனந்தோறும் பிறப்பிலேயே அமைந்த அடையாளம் உண்டு, மனிதருள் அத்தகைய வேற்றுமை இல்லை என்று விளக்கினார். உழுபவன் உழவனாவதும், களவு செய்பவன் கள்வனாவதும் செயலினால். உயிரினங்கள் வேறு வேறு என்பதை அவர் மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. மனிதக் கூட்டம் ஒன்றை அவ்வரிசையில் சேர்ப்பதையே மறுத்தார்.

2024ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தின் விதிநூல் திருத்தப்பெற்றது. ‘இனம்’ என்பதற்குரிய பழைய ஆங்கிலச் சொல்லை நீக்கி, உயிரினவகை என்று பொருள்படும் சொல்லை இட்டனர். எண்களைக் கூட்டும் உரிமையைப் பிறப்பிலிருந்து எடுத்துப் பாத்திரத்தின் முன்வாழ்வுக்கு வழங்கினர். இரண்டாவது மாற்றம் வரவேற்கத்தக்கது. முதலாவது நம் வினாவை எளிதாக்கவில்லை, கடினமாக்கிற்று. உண்மையில் வாழும் ஒரு மக்களின் உடையையும் மொழியின் ஒலியையும் வேறோர் உயிரினத்திற்கு அணிவிப்பது, வாசெட்டருக்குப் பகவான் காட்டிய எல்லையைத் தாண்டுவதாகும்.

எல்ஃப் உயர்ந்த இனமாயிற்றே, இது புகழ்ச்சியன்றோ என்பர். ஜப்பானில் வாள் செய்யும் உரிமை பெற விரும்புவோன் இன்றும் உரிமம் பெற்ற ஆசானிடம் குறைந்தது 5 ஆண்டு பயில வேண்டும். அந்த ஆண்டுகளின் உழைப்பை இரத்தத்தின் இயல்பு என்று சொல்வது அவனைப் புகழ்வதாகுமா? சுத்தியலின் கீழ்க் கழிந்த நாட்களை அவனிடமிருந்து பறிப்பதாகும்.

வெறும் விளையாட்டை இவ்வளவு ஆராய வேண்டுமோ என்பது அடுத்த தடை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சித்திரக்காரர் ஜப்பானியரைக் குரங்காகவும் எலியாகவும் தீட்டினர். 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் அந்நாட்டில் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கேயே பிறந்த குடிமக்கள். ஜப்பானியரும் சளைக்கவில்லை. கடற்படையின் ஆதரவில் எடுக்கப்பட்டு 1945இல் வெளிவந்த மொமொதாரோ சித்திரப்படத்தில் ஆங்கிலேயர் கொம்புடைய அரக்கர். கற்பனையில் மனிதரை மனிதரல்லாதாராக்கும் பழக்கம் இரு கரையிலும் இருந்தது.

இதனினும் நம்மை உறுத்த வேண்டியது ஜப்பானுக்கு உள்ளேயே நிகழ்ந்தது. தோல் பதனிடுவோர், விலங்கு அறுப்போர் முதலியோரை ‘எத்தா’ என ஒதுக்கி வைத்திருந்தனர். 1871இல் அரசாணை அப்பெயரை நீக்கியும் ஒதுக்கல் நீங்கவில்லை. 1922இல் அம்மக்கள் கியோத்தோவில் கூடிச் சுயிஹெய்ஷா என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் வேற்றினத்தார் என்ற கட்டுக்கதையும் உலவிற்று. பௌத்தக் கோயில்களே அவர்களுள் இறந்தோர் சிலருக்கு இட்ட தம்மப் பெயர்களில் ‘விலங்கு’ என்னும் எழுத்தைச் சேர்த்துக் கல்லில் பொறித்தன. வாசெட்ட சுத்தத்தைப் போற்ற வேண்டியவர்களே மனிதரை நாற்கால் விலங்கின் வரிசையில் எழுதிவைத்தனர். இதனை மறைப்பதால் சாசனத்துக்குப் பெருமை வராது.

ஆகவே ஜப்பானை ஒரே இனமாகக் காண்பவன் அந்நாட்டையே அறியாதவன். வடக்கே ஐனு மக்கள் உள்ளனர். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திற்றான் அவர்கள் பூர்வகுடியினர் என ஏற்கப்பட்டனர். அவர்தம் கதைகளில் வரும் குறளுருவினரான கொரொபொக்குருவை 1985இல் வெளிவந்த ‘ஓரியண்டல் அட்வென்சர்ஸ்’ என்னும் ஆட்ட நூல் குள்ளர் இனத்துக்கு நிகராக எடுத்துக்கொண்டது. கதைக்கு இடம் கிடைத்தது. அதனைச் சொன்ன மக்களை அறிந்தோர் எத்தனை பேர்?

இத்தகைய நாட்டைப் படைக்க விரும்பும் இளைஞர் எம்மைக் கேட்பின், அங்கும் மனிதரை வையுங்கள் என்போம். நரியும் தெங்கூவும் மலையோரத்தில் இருக்கட்டும். ஆற்றின் அக்கரையில் தோல் பதனிடுவோர் சேரி ஒன்றும் இருக்கட்டும். அதை விடுத்தால் அந்நாடு அழகாயிருக்கும், உண்மையாயிராது. அச்சேரியில் பிறந்த சிறுமியின் வேடத்தை ஒருவர் ஏற்க முன்வந்தால், கோட்டைத் தலைவன் மகனுக்கு உருட்டிய அதே பகடையை அதே முறையில் அவளுக்கும் உருட்டுங்கள்.