வேலிக்கு அப்பாலும் கடமை

தன் வளவைச் சுத்தமாக வைத்திருப்பவர் தமது கடமையை முடித்தவராவாரா? 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

டெங்கு நுளம்பு வேலியை அறியாது. சிரட்டையிலும் இளநீர்க் கோம்பையிலும் தேங்கும் தெளிந்த நீரில் ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து அயல்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கின்றது. ஒருவர் இன்றும் மற்றவர் அடுத்த மாதமும் துப்புரவு செய்வதாற் பயனில்லை. ஆதலால் கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஆலய பரிபாலன சபையினர், சனசமூக நிலையத்தினர் ஒன்றுகூடி, வாரத்தில் ஒரே நாளைக் குறித்து, ஊர் முழுவதும் சிரமதானம் செய்தல் வேண்டும்.

வெளிநாடு சென்றோரின் பூட்டிய வளவுகளை யார் பார்ப்பது? கேளாமல் நுழைவது முறையன்று. அதனைக் காரணங்காட்டி வாளாவிருப்பதும் தருமமன்று. உரியவரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்று, திறப்பை வைத்திருக்கும் உறவினரை முன்னிறுத்திச் செய்வதே நெறியாகும்.

காய்ச்சல் கண்ட வீட்டாரைப் பழித்தலும் தகாது. பழிக்கு அஞ்சுவோர் நோயை மறைப்பர்; மறைக்கப்பட்ட நோயாளி வைத்தியசாலைக்குப் பிந்தியே போய்ச் சேருவார்.

அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்தியது தமது முற்றத்துக்காக அன்று. கோயில் வீதியைக் கூட்டும் கை அயலவர் வளவையும் கூட்டுமாயின் அதுவும் சிவதொண்டேயாகும்.