அணி பூண்ட படைக்கலம்

ஒட்டுசுட்டானிற் பிறந்து, 1986இல் நாடு நீங்கி, இன்று ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் வாழும் என் அத்தான் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கொரு மடல் விடுத்திருந்தார். கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கி, செதுக்குவேலை வல்ல கம்மியர் ஒருவரைக் கொண்டு அதற்கு அணிசெய்விக்க எண்ணியுள்ளாராம். சுடுவதற்கன்று, கண்ணாடிப் பேழையில் வைத்துக் காண்பதற்கு. எவ்வகைத் துப்பாக்கி பொருத்தமாகும், அதற்கு எத்தகைய மெருகு ஏற்றலாம், பண்டார வன்னியனின் பெயரைப் பொன்னிழையிற் பதிக்கலாமா என்பன அவர் வினாக்கள். தமிழ் கற்றவன் என்பதனால் என்னைக் கேட்டார். விடை எழுத எனக்கு மூன்று திங்கள் சென்றன. கொல்லும் கருவியை அழகு செய்தல் தகுமா என்னும் வினா இடையே வந்து நின்றமையே அத்தாமதத்தின் காரணம்.

இகழ்வதற்கு முன் அறிதல் வேண்டுமென்று அக்கலையின் நுட்பங்களைத் தேடிப் படித்தேன். 1873இல் வெளிவந்த கோல்ட் சுழல்துப்பாக்கி வளைவுகள் நிறைந்தது. கொடிக்கருக்கு அதன் உடலைச் சுற்றிப் படர்தற்கு இடமுண்டு. 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியோ பக்கங்கள் தட்டையானது. உருவமோ எழுத்தோ பொறிப்பதற்கு அதுவே வாய்ப்பானது. செதுக்கு எவ்வளவு பரப்பை மூடுகின்றது என்பது கொண்டு கால், அரை, முக்கால், முழுமை எனத் தரம் பிரிப்பர். உருக்கு வெறுமேனியாய் இருக்கும்போதே உளி தன் வேலையை முடித்துவிட வேண்டும். மெருகு அதன் பின்னரே. நீலமேற்றிய உருக்குத் துருவை ஓரளவு தடுக்கும். ஆயின் அக்கருநீலத்தில் மெல்லிய கீறல்கள் மறைய, பொன்னிழை மட்டுமே எடுத்துக்காட்டும். சாம்பல் வெண்மையில் விட்டால் உளியின் ஒவ்வொரு தடமும் தெரியும். ஆனால் விரல் வியர்வை பட்டாலே துரு தொடங்கிவிடும். எலும்புக்கரியோடு சூடேற்றி நீரில் அமிழ்த்தினால் மேகத்திரள் போன்ற நிறங்கள் தோன்றும். அவை எங்ஙனம் படியும் என்பதைக் கம்மியனும் முழுவதும் முன்னறியான். இவற்றைப் படிக்கையில் நான் மகிழ்ந்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

அம்மகிழ்ச்சிதான் என்னை ஐயுறச் செய்தது. அணி பூண்டதும் துப்பாக்கி துப்பாக்கியாய் இராது, நகையாகிவிடும் என்று வாதிடுவோர் உளர். சேகரிப்போரின் விலைவழக்கு இவ்வாதத்துக்கு ஒரு பாதி சான்றாகும். ஒரு முறையேனும் சுடப்படாத துப்பாக்கிக்கே அவர்களிடத்து மதிப்பு மிகுதி. உருளையை வீணே சுழற்றினாலும் அதன்மேல் மெல்லிய வளையக்கோடு விழும், விலையும் இறங்கும். எனினும், அதே துப்பாக்கியின் குழலை அடைத்து, இனிச் சுடவே இயலாதவாறு செய்துவிட்டால், அதனை விரும்பி வாங்குவோர் அரியராவர். சுடலாகாது, ஆனால் சுட வல்லதாய் இருத்தல் வேண்டும்! இங்கே விலை பெறுவது கொல்லாமையன்று. கைபடாது காக்கப்படும் கொல்லும் ஆற்றலே. நகைக்கு இத்தகைய மறைபொருள் இல்லை.

நம் நாட்டிலேயே புகழ்பெற்ற அணிப்படைக்கலம் ஒன்று உண்டு. லெவ்கே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்ததெனப்படும் சிறு பீரங்கி பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைக்கப்பெற்றது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அதனைக் கவர்ந்து சென்றனர். ஆம்ஸ்ரர்டாம் நகரின் அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்து, 2023இல் அது இலங்கைக்கு மீண்டது. அரசனைக் காக்க அது முழங்கியதாக யாரும் சொல்வதில்லை. அதன் அழகு அதனைக் கொள்ளைப்பொருளாக்கிற்று; அவ்வளவே.

நம் இலக்கியத்தில் இவ்வினா ஒளவையாரிடம் எழுகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராய்த் தொண்டைமானிடஞ் சென்ற அவர், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்குள்ளவை பீலியும் மாலையும் சூடி நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் உள்ளன. எம் தலைவனுடையனவோ நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வது போல் இகழ்ந்த நயத்தைப் பள்ளியிற் பயின்று நாமும் தொண்டைமானை நகைத்தோம். போர் கண்ட படைக்கலமே மெய்யான படைக்கலம் என்று தெளிந்தோம்.

இன்று வன்னியில் இருந்து அப்பாட்டைப் படிக்கையில் என்னால் அவ்வாறு நகைக்க இயலவில்லை. 2009க்குப் பின் மீளக் குடியேறியபோது எங்கள் வளவு கொல்லன் கொட்டில் போலவே கிடந்தது. முறிந்ததும் வெடித்ததும் வெடியாததுமான இரும்பு. கைப்பற்றிய படைக்கலங்களை இராணுவம் புதுக்குடியிருப்பிற் காட்சிக்கு வைத்தது. தெற்கிலிருந்து மக்கள் பேருந்துகளில் வந்து பார்த்துச் சென்றனர். பீலி சூட்டி நெய் பூசும் ஓய்வு ஒரு நாட்டின் வேலுக்கு வாய்க்குமாயின், அந்நாட்டு மக்கள் நல்வினை செய்தவரல்லரோ? ஒளவையார் தூது சென்றதும் போரைத் தவிர்த்தற்பொருட்டே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

அங்ஙனமாயின் என் அத்தானின் பேழையும் தொண்டைமான் கொட்டில்தானே, அதனை ஏன் தடுத்தல் வேண்டும் எனலாம். தடுக்க எனக்கு உரிமை இல்லை. அவர் சென்ற காலத்தில் இம்மண்ணில் மிச்சமிருந்தது பன்றிக்காவலுக்கு வளையில் தொங்கிய பாட்டனாரின் துவக்கு. அவர் நினைவிற் படைக்கலம் என்பது அதுவே. பிடிமரம் கைபட்டுக் கைபட்டு மெருகேறியிருந்தது. வேறு அணி அதற்கில்லை.

நான் உறுதியாய் மறுத்தது பெயரை மட்டுமே. பண்டார வன்னியன் 1803 ஓகஸ்ற்றில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்ரோபர் 31இல் கப்ரின் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்பதைக் கற்சிலைமடுவில் நாட்டிய கல் கூறிற்று. அவன் பெயரை அங்குக் கல்லிற் பொறித்தவர் அவனை வென்ற தரப்பினர். ஒருவரும் சுடாத, சுடவும் கூடாத துப்பாக்கியில், பொன்னில், நாமும் ஒருமுறை பொறிப்பதால் அவனுக்கு ஆவது யாது?

இறுதியில் இவ்வாறு எழுதினேன்: “அத்தான், பெயர் வேண்டாம், கொடிக்கருக்குப் போதும். வளைந்த சுழல்துப்பாக்கியையே தெரிந்துகொள்ளுங்கள். நீலம் ஏற்றாது சாம்பல் வெண்மையிலேயே விடுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துத் துருவைப் பார்த்து எண்ணெய் இட வேண்டிவரும். அது என்ன பொருள் என்பது ஒவ்வொரு முறையும் உங்கள் கைக்குத் தெரியட்டும்.”

பெயரை விட்டுவிட்டதாக மறுமொழி வந்தது. மெருகு நீலந்தானாம், அங்கே காற்றில் ஈரம் மிகுதி என்று எழுதியிருந்தார்.