புத்தாண்டுத் தீர்மானமும் இரவு வானமும்

புது வருடம் பிறந்தால் தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. குடியை விடுவேன், கடனை அடைப்பேன், ஞாயிறு திருப்பலியைத் தவறவிடமாட்டேன் என்று ஜனவரி முதலாம் திகதி நாம் இறைவனுக்கும் நமக்கும் வாக்குக் கொடுக்கிறோம். இவை எல்லாம் நல்லவையே. ஆனால் நமது தோட்டங்களிலிருந்து அதிகம் கேட்கப்படாத ஒரு தீர்மானத்தைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம். திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் ஒரு வாலிபன், “இந்த வருடம் நான் வானத்து நட்சத்திரங்களை ஒழுங்காகக் கவனித்துக் குறித்து வைப்பேன்” என்று தீர்மானிக்கிறான் என வைத்துக்கொள்வோம். அது நல்ல தீர்மானமா, வீண் வேலையா? அவனுடைய தாய் தந்தையர் அதற்கு என்ன சொல்ல வேண்டும்?

முதலில் இடத்தையும் காலத்தையும் பார்ப்போம். திம்புள்ளத் தோட்டங்கள் ஏறக்குறைய 3,500 முதல் 5,500 அடி வரையான உயரத்தில், மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருக்கின்றன. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை இச்சரிவை மாதக்கணக்கில் முகிலால் மூடிவிடும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை இங்கு வரண்ட காற்றும் குளிர்ந்த இரவுகளும் உண்டு. திம்புள்ளத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது இந்த மூன்று மாதக் கொழுந்தினாலேயே. கொழுந்துக்கு மணம் தரும் அதே வரட்சியும் குளிரும்தான் இரவு வானத்தையும் துடைத்து வைக்கின்றன. ஆக, புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கும் வேளையும் வானம் திறக்கும் வேளையும் நமது மலைகளில் ஒன்றாகவே வருகின்றன.

இனி, தடைகளைக் கேட்போம். “வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, நட்சத்திரம் எண்ணுவதா?” என்பது முதலாவது. “சம்பளமும் வீடும் காணியும் கேட்டுப் போராட வேண்டிய சனத்துக்கு வானத்தைக் காட்டுவது ஏமாற்றாகாதா?” என்பது இரண்டாவது. “படைத்தவரை விட்டுப் படைப்பை ஏன் பார்க்க வேண்டும்?” என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல மனத்துடன் கேட்கப்படும் கேள்விகளே. ஆகையால் அவற்றைத் தள்ளிவிடாமல் ஆராய்வது முறை.

புனித அக்குவினா தோமையார் தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில் அறிவைத் தேடும் ஆசையைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். ஒழுங்கான ஆசையைக் கற்கும் ஊக்கம் என்றும், ஒழுங்கு கெட்டதை வீண் ஆவல் என்றும் பிரிக்கிறார். கற்கும் ஊக்கத்தை, தலையான புண்ணியங்களுள் ஒன்றாகிய மட்டுத்திட்டத்தோடு அவர் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. பசிக்கு அளவு உண்டு. அதுபோல அறிவுப் பசிக்கும் அளவு உண்டு. அந்த அளவு கெடும் வழிகள் நான்கு என்கிறார்: கடமையான படிப்பை விட்டுப் பயன் குறைந்ததன் பின்னால் போவது, பேய்களிடம் குறி கேட்பது போலத் தகாத இடத்தில் அறிவைத் தேடுவது, படைப்பைக் கடவுளோடு தொடர்புபடுத்தாமல் அறிய முயல்வது, தன் சக்திக்கு மிஞ்சியதைப் பிடிக்கப் போய்த் தவறில் விழுவது.

நமது வாலிபனை இந்த நான்கு கேள்விகளின் முன் நிறுத்துவோம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய இரவில் வானம் பார்க்கிறானா? அப்படியானால் நிறுத்த வேண்டும். நட்சத்திரத்தைப் பார்ப்பது சாதகத்துக்கும் குறிக்கும் பலன் தேடவா? அதுவும் ஆகாது. அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் பெரிய தொலைநோக்குக் கண்ணாடி கேட்டு அடம் பிடிக்கிறானா? அது சக்திக்கு மிஞ்சியது. இவை ஒன்றும் இல்லாமல், கடமை முடித்த பின், வெறுங் கண்ணாலே பார்த்து, பார்ப்பதற்காக இறைவனுக்கு நன்றி சொல்கிறான் என்றால், அவன் செய்வது வீண் வேலையல்ல. அது ஒரு புண்ணியப் பயிற்சி. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு வத்திக்கான் வானாய்வுக்கூடத்தை மீண்டும் நிறுவியபோது, திருச்சபை மெய்யான அறிவுக்கு அஞ்சுவதில்லை என்பதையே உலகுக்குக் காட்டினார்.

ஆனால் இரண்டாவது தடை இன்னும் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்ல, ‘இலக்கு’ என்பதைப் பற்றியே நாம் சிந்திக்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு இலக்கு என்பது புதிய சொல்லல்ல. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், கூடை நிறைத்து, தராசில் வைத்தால் இத்தனை கிலோ என்று கணக்கு. நிறை சரியென்றால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த அளவைக் குறித்தவர் வேறொருவர். மழை பெய்ததா, முதுகு வலித்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தராசு கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வைத்த அளவுக்கே ஓடிய ஒரு சமூகத்தில், ஒருவன் தனக்குத் தானே ஒரு நல்ல இலக்கை வைப்பது சிறிய காரியமா? நான் கூடை சுமக்கும் கை மட்டுமல்லன்; சிந்திக்கும் மனமும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமும் உடையவன் என்று அவன் அதனால் சாட்சி சொல்கிறான். ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்பவர், அவனை நேசிப்பதாகத் தோன்றினாலும், அவனை அரை மனிதனாகவே மதிக்கிறார். நீதியான சம்பளம் கேட்பதும் நட்சத்திரத்தை அறிய விரும்புவதும் ஒரே மாண்பின் இரு குரல்கள். ஒன்றுக்காக மற்றதை அடக்க வேண்டியதில்லை.

இருந்தும் ஓர் ஆபத்து உண்டு. தராசை வெறுத்தவனே தன் உள்ளத்துக்குள் இன்னொரு தராசைத் தொங்கவிடலாம். “இந்த வருடம் 365 இரவும் பார்ப்பேன்” என்று தீர்மானிப்பவன், ஜூன் மாத மழையில் தோற்றுப் போவான். தோற்ற பின் இரண்டு வழிகளே தெரியும்: ஒன்று எல்லாவற்றையும் கைவிடுவது, மற்றது பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது. நமது நோன்புத் தீர்மானங்களும் செபமாலைக் கணக்குகளும் இப்படித்தான் பல வேளைகளில் கெடுகின்றன. ஆகவே இலக்கு வேண்டும். ஆனால் அது எப்படிப்பட்ட இலக்கு?

இதற்கு ஓர் உதாரண மனிதர் இருக்கிறார். இன்று வங்காளதேசத்தில் உள்ள யசோர் பட்டணத்தில் 1878ஆம் ஆண்டு பிறந்த ராதாகோவிந்த சந்திரர் ஓர் இந்து சகோதரர். பாடசாலை இறுதிப் பரீட்சையில் மும்முறை தோற்றவர். அரசாங்கத் திறைசேரியில் நாணயங்களைச் சோதிக்கும் சிறிய உத்தியோகம் பார்த்தவர். பகலெல்லாம் காசைத் தட்டிப் பார்ப்பார். இரவில் வானத்தைப் பார்ப்பார். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை, ஒளி மாறாத அயல் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்று இவ்வளவு ஒளி என்று எழுதுவதே அவர் வேலை. அமெரிக்காவில் இத்தகைய நட்சத்திரங்களைக் கவனிப்போரின் சங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்புகள் 1954ஆம் ஆண்டு வரையில் 37,215. அவருடைய உழைப்பை மதித்து அச்சங்கத்தார் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். அதே கண்ணாடி பின்னர் வானசாஸ்திரி வைணு பாப்புவின் கைக்கு வந்து, இறுதியில் தமிழ்நாட்டிலுள்ள காவலூர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. சந்திரர் 1975இல் காலமானார்.

37,215 என்ற தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அது ஒரு நாளில் வைத்த இலக்கல்ல. முப்பது வருடங்களுக்கு மேற்பட்ட தெளிந்த இரவுகளின் கூட்டுத்தொகை. ஒவ்வோர் இரவும் அவர் முன்னிருந்தது ஒரு நட்சத்திரமும் ஓர் உண்மையான எண்ணுமே. நேற்று இருந்த ஒளி இன்றும் இருக்கும் என்று ஊகித்து எழுதியிருந்தால் அவருடைய ஏடு முழுவதும் குப்பையாகியிருக்கும். நாணயத்தைச் சோதித்தவர் தம் கண்ணின் நாணயத்தையும் காப்பாற்றினார். எனவே வானம் பார்ப்பவனின் முதல் தீர்மானம் ‘இத்தனை பார்ப்பேன்’ என்பதல்ல; ‘பார்க்காததை எழுதமாட்டேன்’ என்பதே. யாரும் மேற்பார்வை செய்யாத இருட்டில் உண்மை பேசப் பழகியவன், பகலில் கணக்குப் புத்தகத்தின் முன்னும் சாட்சிக் கூண்டிலும் எளிதில் பொய் சொல்லமாட்டான்.

இன்னொரு பாடத்தை ஓர் இயேசு சபைக் குருவிடம் கற்கலாம். பிரான்சு நாட்டவரான ஜான் ரிஷோ அடிகளார் சீயம் நாட்டில் பணிபுரியச் சென்றவர். 1688இல் அங்கு கலகம் மூண்டதால் அத்திட்டம் குலைந்தது. அவர் புதுச்சேரிக்கு வந்தார். 1689ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அங்கு ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கிக் கண்ணாடியால் கவனித்துக் கொண்டிருந்தபோது, அருகே பிரகாசமாக நின்ற ஒரு தென்திசை நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். இன்று ஆல்ஃபா சென்டோரி என்று உலகம் அழைக்கும் நட்சத்திரம் அதுவே. அவர் தேடியது வால்வெள்ளி. இறைவன் காட்டியது இரட்டை நட்சத்திரம். அவர் சீயத்துத் திட்டத்துக்காக அழுதுகொண்டிருந்தாலோ, வால்வெள்ளியைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன் என்று இருந்தாலோ அதைக் கண்டிருக்கமாட்டார். இலக்கைப் பிடித்திருக்கும் கை சற்றுத் திறந்தும் இருக்க வேண்டும். மூடிய கையில் இறைவன் எதை வைப்பார்?

இந்த நட்சத்திரத்தைக் காண நமது சனம் எங்கும் போக வேண்டியதில்லை. ஜனவரி மாதத் தொடக்கத்தில் விடியற்காலை ஐந்து மணியளவில், பிரட்டுக்கு முன் தேநீர் கொதிக்கும் வேளையில், தென்திசை மறைவின்றி இருக்கும் ஒரு முற்றத்தில் நின்று பாருங்கள். தென்சிலுவை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்புறம், தாழ்வாக, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுள் அதிக ஒளியுள்ளதே ரிஷோ அடிகளார் கண்டது. மலைக்குப் புறப்படும் தாய்மாரின் தலைக்கு எதிரே ஒரு சிலுவை நிற்கிறது. அதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்?

மாலையில் பார்க்க விரும்புபவனுக்கும் வேலை உண்டு. திருவாதிரை நட்சத்திரம் சிவப்பாய் ஒளிர்வது. அதன் ஒளி மாறும் தன்மையுடையது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் ரோகிணி நட்சத்திரத்தையும் விட மங்கிப் போனதை உலகெங்கும் வெறுங் கண்ணாலேயே கண்டார்கள். அதிலிருந்து வெளிப்பட்ட தூசிப் படலமே ஒளியை மறைத்தது என்று பின்னர் ஆராய்ச்சியாளர் விளக்கினர். ஜனவரி முதல் மார்ச் முடியும் வரை, முகிலில்லாத இரவுகளில் மட்டும், திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிட்டுக் கூடவா குறையவா என்று ஒரு கொப்பியில் எழுதுவது ஒரு நல்ல இலக்கு. செலவு ஒரு பென்சில். முகில் மூடிய இரவில் ‘முகில்’ என்று எழுதினால் போதும்; அதுவும் உண்மையே. சிறுத்தை நடமாடும் மலைகளில் லயத்து முற்றத்தை விட்டுத் தனியே போகக் கூடாது என்பதையும் பெற்றோர் சொல்லி வைக்க வேண்டும்.

மூன்று இராசாக்கள் திருநாளை நாம் கொண்டாடுகிறோம். அந்த ஞானிகள் நட்சத்திரத்தைக் கண்டு புறப்பட்டார்கள். ஆனால் எருசலேமில் வழி கேட்டு நின்றார்கள். வானம் வழிகாட்டாத வேளையில் அவர்கள் பயணத்தைக் கைவிடவுமில்லை, கண்டதாகப் பொய் சொல்லவுமில்லை, தெரிந்தவரிடம் கேட்டார்கள். மீண்டும் நட்சத்திரம் தோன்றியபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை மத்தேயு நற்செய்தியாளர் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய நோக்கம் நட்சத்திரத்தோடு முடியவுமில்லை. குழந்தையின் முன் முழந்தாளிடுவதற்கே அவர்கள் வந்தார்கள். மூன்றாவது தடைக்கு இதுவே பதில்: படைப்பு நம்மை நிறுத்தி வைக்கும் சுவரல்ல, வழி.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை இவ்வருடம் ஒரு நல்ல காரியத்தைத் தானாக விரும்பித் தீர்மானித்தால், அது வானசாஸ்திரமானாலும் சங்கீதமானாலும் தோட்டக்கலையானாலும், “இதனால் என்ன வரும்?” என்று உடனே தராசில் வைக்காதீர்கள். கடமை தவறாதிருக்கிறதா, உண்மை இருக்கிறதா, நன்றி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், ஓர் இரவாவது அவனோடு முற்றத்தில் நின்று அவன் காட்டும் நட்சத்திரத்தை நீங்களும் பாருங்கள். நட்சத்திரங்களையெல்லாம் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஆண்டவர், லயத்து வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லியே அறிந்திருக்கிறார். அவர் புத்தகத்தில் யாருக்கும் அரைப்பேர் இல்லை.