அறியாமையா, அயர்வா?

அறியாமல் செய்த தீங்கிற்கு மனிதர் எவ்வளவு பொறுப்பு என்னும் வினா மிகப் பழமையானது. இதனைப் பெருநிகழ்ச்சிகளை வைத்து ஆராய்வதே வழக்கம். நான் எடுத்துக்கொள்வது மிகச் சிறியது. மின்னஞ்சல் நிரலை மாற்றியபோது நேர்ந்தது.

நானும் என் தங்கையும் ஒரே மின்னஞ்சல் முகவரியை வைத்திருந்தோம். வெளிநாட்டில் இருந்த எங்கள் தம்பி, இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுவான். அவன் 2011இல் காலமானான். என் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியும் அதனுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸும் இருந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் முடிவுற்றது. சில மாதங்களில் என் கணினியின் வன்தட்டும் பழுதாயிற்று. புதிய கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கிடையாது. மகன் வேறொரு நிரலை அமைத்துத் தந்தான்.

இரண்டிற்கும் உள்ள வேற்றுமை வெளித்தோற்றத்தில் மட்டும் இல்லை. பழையது 'பாப்' என்னும் முறையில் இயங்கியது. 1984இல் தோன்றிய அம்முறையின் பெயரிலேயே 'அஞ்சல் நிலையம்' உண்டு. அங்குச் சென்று நம் கடிதங்களை வீட்டிற்கு எடுத்துவருவது போன்றது. வழங்கியில் ஒரு படி இருக்கட்டும் என்று குறித்துவைத்திருந்தமையால், என் வீட்டுப் படியை நான் என்ன செய்தாலும் மூலத்திற்குக் கேடில்லை. புதியதோ 'ஐமேப்' முறை. 1986இல் மார்க் கிரிஸ்பின் வகுத்தது. இதில் கடிதங்கள் அஞ்சல் நிலையத்திலேயே இருக்கும். நாம் சன்னல் வழியாகப் பார்க்கிறோம், அவ்வளவே. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

இதனை நான் அறியேன். பல ஆண்டுக் கடிதங்கள் திரையில் குவிந்திருப்பதைக் கண்டு, 2009க்கு முற்பட்டவை அனைத்தையும் நீக்கினேன். தம்பியின் கடிதங்களும் அவற்றுள் உண்டு என்பது நினைவிருந்தது. தங்கையிடம்தான் இருக்கின்றனவே என்று எண்ணினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மறுநாள் காலை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் இரவுதோறும் கைப்பேசியில் படித்துவந்த கடிதங்களைக் காணவில்லை.

"உங்களுக்குத் தெரியாதே, அம்மா" என்றான் மகன். அச்சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் பின்னர் என்னை உறுத்தியது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. அதனை நம்பியே ஆயுள் முழுதும் பாடம் நடத்தினேன். ஆயினும் வேறு பள்ளியில் வேறு வகையாக வகுத்தல் கற்று வரும் பிள்ளை, ஒன்றும் கற்காத பிள்ளையைவிட மிகுதியாகத் தவறு செய்வதைக் கண்டிருக்கிறேன். தெரியாத பிள்ளை கேட்கும். தெரிந்த பிள்ளை கேட்காது. அன்று நான் அந்த இரண்டாம் பிள்ளை. முழுதும் அறியாதவளாக இருந்திருந்தால் மகனை அழைத்திருப்பேன். பழைய நிரலில் பெற்ற தேர்ச்சியே என் வாயை அடைத்தது. அப்படியானால் என் பிழையை அறியாமை என்பது பொருந்துமா?

நம் நூல்கள் இவ்விடத்தில் கடுமையானவை. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது பிரமாதம் என்னும் அயர்வையே காரணமாக முன்வைக்கிறது. ஓர் உயிருக்கும் ஊறு செய்யாத என் செயலை அதனோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் கூறலாம். நானும் சிலநாள் அவ்வாறே கூறிக்கொண்டேன்.

கடிதங்களை நீக்கியது வரையில் அறியாமை என்று ஒருவாறு வாதிடலாம். ஆனால் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுமுன் ஒரு சிறு கட்டம் தோன்றி, இவை நிலையாக அழியும், தொடரலாமா என்று கேட்டது. இரண்டே வரிகள். மாணவர் வினாத்தாளை முழுதும் படிக்காமல் விடை எழுதினால் மதிப்பெண் குறைத்தவள் நான். அவ்விரு வரிகளைப் படிக்காமல் 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

தங்கையிடம், "தெரியாமல் நடந்துவிட்டது, அம்மா" என்றேன். "போகட்டும், அக்கா" என்றாள். அதன்பின் அவள் அதனைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கட்டம் தோன்றியதையும் அது கேட்டதையும் இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. இவ்விதழ் அவள் வீட்டிற்கும் வருகிறது.