மலிவின் விலை

பழைய பொருள்கள்மீது கொள்ளும் பற்று இருவகைப்படும். ஒன்று, அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கும் பற்று. மற்றது, அவற்றைச் செய்த கைகளையும் பயன்படுத்திய கைகளையும் நினைந்து, மீண்டும் அவை தொழிற்படுதலைக் காண விழையும் பற்று. முன்னையது செல்வர்க்கு உரியதென்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். பின்னையது எம்போன்றோருக்கு உரியது. ஆதலின் அதனைக் குறித்தே நாம் கூடுதலாக ஐயுறுதல் வேண்டும். ஏனெனில், குறைந்த வருவாயுடையோர் பழைய பொருளொன்றை வாங்கிச் சீர்செய்து முடிக்கும்போது, "இவ்வளவு சொற்பச் செலவில் முடித்துவிட்டோம்" என்னும் பெருமிதம் அவர்களைப் பற்றிக்கொள்கின்றது. அந்தச் சொற்பச் செலவு யாருடைய செலவு? இவ்வினாவையே இங்கு ஆராய விரும்புகின்றோம். எடுத்துக்காட்டாக எமது அனுபவமொன்றையே முன்வைக்கின்றோம். பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதினும் தம்மை ஏற்றிக்கொள்வது நேர்மையானது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கொட்டிலில், விறகுக்கும் கிடுகுக்கும் இடையில், பி. எஸ். ஏ. பான்டம் ரக மோட்டார் சைக்கிள் ஒன்று கிடப்பதாக அறிந்து சென்றோம். ரயர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன, ராங்கி துருவேறியிருந்தது, உதைத்துப் பார்த்தால் பிஸ்டன் அசையவில்லை. ஆயினும் பாகம் எதுவும் குறைந்திருக்கவில்லை. காபரேற்றர், காந்தச் சில்லு, விளக்கு, புகைக்குழாய் யாவும் இருந்த இடத்தில் இருந்தன. பழைய வண்டி வாங்குவோர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே: மேற்பூச்சுப் பளபளக்கப் பாகங்கள் குறைந்த வண்டியிலும், பார்வைக்கு அழுக்காயினும் பாகங்கள் நிறைந்த வண்டியே மலிவானது. தேய்ந்ததைக் கடைந்து சரிசெய்யலாம். இல்லாததைத் தேடுவதிலேதான் பணம் கரையும். பதிவுப் புத்தகமும் பத்திரமாக இருந்தது. இயந்திர இலக்கமும் சட்டக இலக்கமும் அதனோடு பொருந்தின.

ஆசிரியரின் மனைவி ஒரு விலை சொன்னார். பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவன் நிறைக்கணக்கிற் கூறிச் சென்ற விலை அது. அதன் உண்மைப் பெறுமதியை நாம் அறிவோம். 2020 மார்ச்சில் இந்நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேயே அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், ஓடுகின்ற எந்தப் பழைய வாகனத்தின் விலையும் ஏறியே நின்றது. இவை அந்த அம்மையாருக்குத் தெரியாது, எமக்குத் தெரியும். நாம் சற்றே யோசிப்பவர்போல நின்று, பின்னர் அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தோம். ஏழை ஒருவரிடம் பேரம் பேசவில்லையே என்ற ஆறுதல்கூட அன்று எமக்கு இருந்தது.

இனி, நாம் வாங்கிய பொருளின் பிறப்பை நோக்குவோம். பான்டம், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1948ஆம் ஆண்டு முதல் உற்பத்தியானது. 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, இரண்டு வீச்சு இயந்திரம், மூன்று கியர் என்பனவே அதன் ஆரம்ப அமைப்பு. அந்நாட்டு அஞ்சற்றுறையில் தந்தி விநியோகித்த இளைஞர்கள் ஏறிய வண்டி அது. தொழிலாளி வேலைக்குப் போய்வரும் வண்டியும் அதுவே. ஆனால் அதன் வடிவம் பேர்மிங்காமிற் பிறந்ததன்று. ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள சோப்பௌ நகரில் டி. கே. டபிள்யூ. தொழிற்சாலை 1939இல் உருவாக்கிய ஆர். டி. 125 என்னும் வண்டியே அதன் மூலம். போரில் ஜேர்மனி தோற்றபின், வென்ற நாடுகள் அவ்வடிவத்தைப் போர் இழப்பீடாக எடுத்துக்கொண்டன. சோவியத் நாட்டில் அது மொஸ்க்வா ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் சிறிய வண்டி ஆயிற்று. இங்கிலாந்திலோ, கியர் மிதி ஆங்கிலேயரின் வழக்கப்படி வலப்புறம் வருமாறு, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாற்றப்பட்டுப் பான்டம் ஆயிற்று. 1955இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட முதலாவது மோட்டார் சைக்கிளும் இதே மாதிரியைப் பின்பற்றியதே.

அறிவு எல்லை கடந்து பரவுவதை நாம் குறைகூற மாட்டோம். அறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. ஆயினும் கணக்கில் வராதோர் சிலர் இங்கும் உளர். டி. கே. டபிள்யூ. அங்கமாயிருந்த ஓட்டோ யூனியன் நிறுவனம், நாஸி ஆட்சிக் காலத்தில் வதைமுகாம் கைதிகள் உட்படப் பலரது கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியது. போரின் பின் சோப்பௌ தொழிற்சாலையின் பொறிகள் கழற்றப்பட்டுச் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதன் தலைமைப் பொறியியலாளரான ஹேர்மன் வேபரும் அங்கு கொண்டுசெல்லப்பட்டு, 1948இல் அங்கேயே இறந்தார். பாசிசப் படைகளால் அழிக்கப்பட்ட நாடு இழப்பீடு கேட்டதில் நியாயம் உண்டு. எனினும் நியாயமான கோரிக்கையும் தனிமனிதனின் முதுகில் இறங்கும்போது அதன் பாரத்தை நாம் காணாதிருத்தல் ஆகாது. மலிவான வண்டியென உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்று, பிறக்கும்போதே பிறர் செலுத்திய விலையைச் சுமந்து பிறந்தது என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டியது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இறுகிய பிஸ்டனை அடித்துத் தளர்த்த முயல்வது பேதைமை. பிளக் துவாரத்தினூடாக டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் காத்திருந்தோம். பதினோராம் நாள் அது அசைந்தது. ராங்கிக்குள் சிறு கற்களை இட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். ஆனால் இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. இரண்டு வீச்சு இயந்திரத்தில் எரிபொருட் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கு அமுக்கப்பட்ட பின்னரே சிலிண்டருக்குள் செல்கின்றது. ஆகவே அவ்வறை காற்றுப் புகாததாக இருத்தல் வேண்டும். கிராங்க் தண்டின் இருபுறமுமுள்ள ஒயில் சீல்கள் காய்ந்து இறுகினால் வெளிக்காற்று உட்புகும், கலவை மெலியும், வண்டி புறப்படாது, புறப்பட்டாலும் சூடேறிக் கெடும். அந்தச் சீலின் விலை அற்பம். அதனை மாற்றுவதற்கோ இயந்திரம் முழுவதையும் இரண்டாகப் பிளத்தல் வேண்டும். பொருளின் விலை சிறிது, உழைப்பின் அளவு பெரிது என்னும் பொருளாதார உண்மையை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாக எமக்குக் கற்பித்ததில்லை.

அந்த உழைப்பிற் பெரும்பகுதி எம்முடையதன்று. சிலிண்டரைக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் ஒன்றைப் பொருத்தியவரும், கிடைக்காத புஷ் ஒன்றை வெண்கலத் துண்டிலிருந்து கடைந்து தந்தவரும் அயலூர் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர். அவர் தொழில் பயின்றது போர்க்கால யாழ்ப்பாணத்தில். 1990 முதல் வடபகுதிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், அங்கு மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பிளக்கிற் கரி படியும். கழற்றித் துடைத்து மீண்டும் ஓட்டினர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்கும் கொண்டுசென்ற வண்டிகள் அவை. பழையதைப் பேணுதல் எமக்குப் பொழுதுபோக்கு. அவருக்கோ அது ஒரு சமுதாயம் உயிர்தரித்திருந்த முறை. இரண்டு நாள் வேலை செய்துவிட்டு அவர் மிகச் சிறியதொரு தொகையைக் கேட்டார். அதையே நாம் கொடுத்தோம்.

வண்டி ஓடியது. வர்ணம் பூசவும் முலாம் இடவும் பணமில்லை. வெடிப்பை மறைத்து வர்ணம் பூசுவதினும் வெடிப்புத் தெரிய ஓட்டுவது மேலென்று விட்டுவிட்டோம். செலவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். மொத்தத் தொகையைக் கண்டு நண்பர்கள் வியந்தனர். எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் மாத்திரம் அதனை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "லேத் அண்ணைக்கு ரெண்டு நாள் வேலை எண்டு சொன்னனீங்கள், சேர். அது கணக்கிலை எங்கை?" என்று கேட்டான்.

அவன் கேட்டது ஒரு வரியைப் பற்றி. நாம் விடுபட்டதாகக் கண்டது இரண்டு வரிகளை. தொழிலாளியின் குறைகூலி ஒன்று. அம்மையாரின் அறியாமை மற்றொன்று. எமது சிக்கனம் என்பது இவ்விரண்டையும் கூட்டிய தொகையே.

இப்பிரச்சினை புதியதன்று. கி. மு. 44இல் உரோம அறிஞர் சிசரோ, கடமைகள் பற்றிய தமது நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விசாரிக்கின்றார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்த வணிகன் ஒருவன், பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அறிவான். அதனைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதா, சொல்லாது கூடிய விலைக்கு விற்பதா? சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், மௌனம் வஞ்சனையன்று என்றார் தயோஜினிஸ் என்னும் தத்துவஞானி. அவருடைய மாணவரான அந்திப்பாதர், தான் அறிந்ததைக் கொள்வோனும் அறியச்செய்தல் கடன் என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நிற்கின்றார். அதே நூலில் வாங்குவோன் ஒருவனின் கதையும் உண்டு. ஸ்கெவோலா என்பார் நிலமொன்றுக்கு விலை கேட்டு, விற்பவர் சொன்ன தொகை குறைவெனக் கண்டு, தாமாகவே ஓரிலட்சம் செஸ்டர்சு நாணயங்களைக் கூட்டிக் கொடுத்தாராம். அது நல்லவனின் செயல் என்பதை எவரும் மறுக்கவில்லை. அறிவுடையவனின் செயலன்று என்றே பலர் கூறினர். நல்லவனாயிருத்தலும் அறிவுடையவனாயிருத்தலும் வெவ்வேறெனக் கொள்ளும் சமுதாயத்தில் ஏதோ ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு என்பதைச் சிசரோ கண்டார். ஆனால் அவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த நிலவுடைமையாளரே. நிலத்தின் நியாய விலையைக் கூர்ந்து ஆராய்ந்த அந்த மூளை, நிலத்தை உழுத அடிமையின் உழைப்புக்கு நியாய விலை யாதென்று கேட்கவில்லை. தமிழிலும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் வாணிகம் நடத்தியதாகப் பட்டினப்பாலை புகழ்கின்றது. அப்பண்டங்களை ஆக்கியோர் பெற்ற கூலியைப் பற்றி அப்புகழுரை பேசவில்லை. வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையிலான நேர்மையோடு அறம் முடிந்துவிடுவதில்லை.

எமது பக்கமும் ஒரு வாதம் உண்டெனச் சிலர் கூறுவர். அந்த வண்டியின் பெறுமதியை அறிவதற்கு நாம் பல ஆண்டு படித்தோம், பழகினோம்; அவ்வறிவுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். ஆனால் அறிவின் கூலி, அது செய்யும் வேலையிலிருந்து வருதல் வேண்டும். துருப்பிடித்த இயந்திரத்தை ஓடச்செய்தமைக்கு நாம் பயன்பெறலாம். வாய்திறவாமல் நின்றமைக்குக் கூலி கேட்டல் எவ்வாறு நியாயமாகும்? வியாபாரச் சுதந்திரம் என்பது இருவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்போது பொருந்தும் சொல். ஒருவர் இருளில் நிற்க மற்றவர் விளக்கை மறைத்து வைத்திருந்தால், அங்கு நிகழ்வது ஒப்பந்தமன்று.

முதலில் லேத் பட்டறைக்குச் சென்றோம். அவர் மிகுதிக் கூலியைத் தயக்கமின்றி வாங்கி எண்ணிப் பையில் இட்டுக்கொண்டார். உழைத்தவன் கூலி வாங்க நாணுவதில்லை. பின்னர் அம்மையாரிடம் சென்று, வண்டியின் பெறுமதியைச் சொல்லி, எம்மால் இயன்ற தொகையை முன்வைத்தோம். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் பணத்தைச் சிறிதுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி. தெரிஞ்சிருந்தா நான் வித்திருக்க மாட்டன். பேரப்பிள்ளைக்கு வைச்சிருப்பன்" என்றார்.

வண்டியைத் திருப்பித் தருவதாகக் கூறினோம். பேரன் தொழில்தேடிக் கடல்கடந்து போய்விட்டதாகவும், இனி அது வேண்டாமென்றும் சொல்லி, பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மௌனம் எதனைப் பறிக்கின்றது என்பதை அன்றே விளங்கிக்கொண்டோம். விலையிற் குறைந்த பகுதியை மாத்திரம் அது பறித்திருந்தால், பிந்திக் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். அது பறித்தது, தம் பொருளைக் குறித்துத் தாமே தீர்மானிக்கும் அவரது உரிமையை. அந்நாள் கடந்துவிட்டது, அதற்கு ஈடு எம்மிடம் இல்லை.

தனிமனிதர் ஒவ்வொருவரும் ஸ்கெவோலா ஆவதால் சமுதாயம் மாறிவிடும் என நாம் கூறவில்லை. தேவையுள்ளவர் குறைத்துக் கேட்கவும், அறிந்தவர் மௌனமாக நிற்கவும் தூண்டும் அமைப்பு நிலவும்வரை இவை நாள்தோறும் நிகழும். அவ்வமைப்பை மாற்றுதல் கூட்டு முயற்சியாலன்றி இயலாது. ஆனால், அமைப்பு மாறட்டும், பின்னர் நாமும் நேர்மையாக நடப்போம் என்று காத்திருப்பவர், சுரண்டலை எதிர்த்துப் பேசியவாறே அதன் சிறுபங்கைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொள்பவராவர். அத்தகையோருள் நாமும் ஒருவராயிருந்தோம்.

ஆகவே பழைய வண்டியொன்றை வாங்கிச் சீர்செய்ய விரும்பும் நண்பர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. பணம் குறைவாயின் காலத்தைச் செலவிடுங்கள், உங்கள் கையை அழுக்காக்குங்கள், பளபளப்பைக் கைவிடுங்கள். சிக்கனத்துக்கு இவ்வழிகள் யாவும் திறந்தேயுள்ளன. ஆனால் கேட்பதற்கு முன்னரே நீங்கள் அறிந்த விலையைச் சொல்லிவிடுங்கள். வேலைக்கு முன்னரே கூலியைப் பேசிவிடுங்கள். அவ்விலைக்கு வண்டி எட்டாதாயின், அதனை வாங்க உங்களிடம் பணமில்லை என்பதே உண்மை. எமது கொப்பியில் இப்பொழுது விடுபட்ட இரு வரிகளையும் சேர்த்து எழுதியுள்ளோம். மொத்தத் தொகையைக் கண்டு இனி எவரும் வியப்பதில்லை. வண்டி நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வருகின்றது.