தன் குறை கண்டவர்

ஐயம் அறிவின் தாய் என்கிறோம், மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் எதை ஐயுறுகிறோம்? பிறர் சொன்னதை, பிறர் நம்பியதை! நம் கையால் நாமே ஆக்கியதை ஐயுறும் துணிவு நமக்கு உண்டா? அத்துணிவு கொண்ட ஒருவரை எண்ணிப் பார்ப்போம்.

ஜான் ஆரிசன், 1693-இல் இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்த தச்சர் மகன். பல்கலைக்கழகப் படி மிதிக்காதவர். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறியும் உறுதியான வழி அன்று இல்லை. 1707-இல் சில்லித் தீவுப் பாறைகளில் கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பாராளுமன்றம், வழி காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்றது. புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாது காட்டும் கடிகாரம் போதும்; கப்பலின் நேரத்தோடு அது ஒரு மணி வேறுபட்டால் 15 பாகைத் தொலைவு. ஆனால் அலையிலும் வெப்பத்திலும் தடுமாறாத கடிகாரம் எங்கே?

1736-இல் ஆரிசனின் முதற் கடிகாரம் லிசுபன் சென்று, மீளும் வழியில் கப்பலோட்டியின் கணக்கையே திருத்திற்று. மறு ஆண்டு அறிஞர் குழுவின் முன் நின்ற அவர் என்ன பேசினார்? தம் கருவியின் குறைகளை! திருத்தமான மற்றொன்றைச் செய்ய உதவி கேட்டார். இரண்டாவதிலும் பிழை கண்டு ஒதுக்கினார். மூன்றாவதற்கு 19 ஆண்டுகள் உழைத்தார். 1759-இல் கையில் ஏந்தத்தக்க நான்காவது பிறந்தது. 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட நெடும்பயணத்தில் அது பிந்தியது ஏறத்தாழ 5 நொடியே!

குழுவோ போதாது என்றது. மறுசோதனை கேட்டது குற்றமன்று; ஐயுறுவது அதன் கடமை. 1764-இல் பார்படோசுப் பயணத்திலும் கடிகாரம் வென்ற பின், புதுப்புது நிபந்தனை விதித்து முழுப் பரிசை நிறுத்தியதே குற்றம். நிலவை அளந்து இடம் காணும் முறையே மேல் எனக் கருதிய வானியலார், தம் கருத்தின்மீது அதே கடுமையைக் காட்டவில்லை. கைவினைஞர் தம்மை ஐயுற்றார். கற்றவர்கள் அவரை மட்டுமே ஐயுற்றனர்! 1773-இல் பாராளுமன்றம் தலையிட்டு 8,750 பவுன் தந்தபோது அவருக்கு வயது 80. மூன்றாண்டில் மறைந்தார்.

தோழர்களே, பிறரை மட்டும் அளக்கும் கோல் பகுத்தறிவன்று, பகைமைதான் அது. நம் முடிவுகள்மீதும் அக்கோலை வைப்போம். குறை கண்டால் கூசாது சொல்வோம். அடுத்த கருவியைச் செய்யும் ஆற்றல் அப்போதுதான் நம் கைக்கு வரும்!